பனங்கொட்டை எடுக்கிறவன்

ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கிவிட்டால் ஜெயபுரத்தில் மாயாண்டிக்கு மவுசு கூடிவிடும். மற்ற மாதங்களில் அவனை ஒருவரும் சீந்துவதில்லை. வேலியடைக்கப் போவான், விறகு பிளப்பான், முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுப்பான், மிச்ச நேரத்தில் குடித்துவிட்டுக் கிடப்பான். கலியாணம் காட்சி ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு அவனிடம் சேர்ந்திருந்தது ஒரு சைக்கிளும் ஒரு நல்ல சாரமும்தான். ஆனால் பனம்பழக் காலத்தில் ஊர் மாடுகளுக்குப் புத்தி கெட்டுப் போகும். பழத்தைச் சூப்புகிற ஆசையில் கொட்டையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். கொட்டை தொண்டையில் இறுகிக்கொள்ளும். மாடு கழுத்தை நீட்டி, வாயால் வீணி வடிய, கண் பிதுங்க நிற்கும். அப்போது சின்னவர் பெரியவர் எல்லாரும் மாயாண்டியைத் தேடி ஓடுவார்கள்.

அவனுடைய கை அப்படி. மணிக்கட்டில் தொடங்கித் தோள் வரைக்கும் ஒரே பருமன். சதை என்று சொல்ல ஒன்றுமில்லை, நீளம் மட்டும் வஞ்சகமில்லாமல் இருந்தது. மாட்டின் கடைவாயில் கட்டையொன்றைக் குறுக்கே கொடுத்து, நாக்கை ஒருபக்கம் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தேங்காயெண்ணெய் பூசிய கையைத் தோள்மூட்டு வரை உள்ளே விடுவான். கொட்டையோடு கையை வெளியே எடுத்ததும் அதைத் தூக்கிப் பிடித்துச் சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி ஒரு பெருமை. பிறகு சீனி கூடப் போட்ட ஒரு தேத்தண்ணி. அதைக் குடித்து முடிக்கும்வரை போன வருசம் யார் வீட்டு மாட்டுக்கு எப்படி எடுத்தான் என்ற கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் அவன் வாங்குகிற கூலி.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், அன்று காலையில் கமலாட்சி செய்ததை யாரும் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அவள் இடத்தில் ஜெயபுரத்துச் சனத்தில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கமலாட்சியின் பசுவுக்குப் பெயர் சிவலை. வீட்டில் அவளும் புருசன் ஆண்டியப்பனும்தான். ஆண்டியப்பனுக்கு இடுப்பு விட்டுப்போய், குனிந்து ஒரு வேலை செய்ய ஏலாது. மகள் கலியாணம் கட்டிப் பூவரசங்குளத்துக்குப் போய்விட்டாள். அடுப்பு எரிவது சிவலையின் பாலில்தான். அன்று காலை செம்போடு போனபோது சிவலை தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. முதல்நாள் போட்ட புல் அப்படியே கிடந்தது. வாயிலிருந்து நூல் நூலாய் வீணி வடிந்தது. கமலாட்சி கூப்பிட்டதும் தலையை நிமிர்த்திக் கத்தியது. அந்தக் குரல் சிவலையின் குரலாகவே இல்லை, கரகரத்து, பாதியில் உடைந்து போனது. வேலியோரம் பனைக்குக் கீழே பாதி சூப்பிய பழங்கள் மூன்று நாலு கிடந்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆண்டியப்பன், "டொக்டருக்கு ஒரு போன் எடுத்துப் பாரன்" என்றார். கமலாட்சி எடுத்தாள். கால்நடை வைத்தியர் சுதாஜினி அந்தப் பகுதிக்கு வந்து இரண்டு வருசம்தான். சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாள், ஆனால் கேள்வி கேட்டால் உயிரை எடுத்துவிடுவாள். சாப்பிட்டதா, சாணகம் போட்டதா, தண்ணீர் குடித்ததா, நடை எப்படி, நாய் நரி ஏதும் கடித்ததா என்று அடுக்கினாள்.

"நாயுமில்லை நரியுமில்லை டொக்டர். பனங்கொட்டை இறுகிப் போச்சு."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அம்மா, வாய்க்குள்ள மட்டும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கட்டிப் போட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ. நான் முழங்காவில் பக்கம் ஒரு பண்ணையில நிக்கிறன். பின்னேரத்துக்குள்ள வந்திடுவன். விளங்கினதோ?"

"ஓம் டொக்டர், ஓம்."

அந்த ஓமைக் கேட்டால் கமலாட்சியைப் போல சொல் கேட்கிற பெண் வன்னியிலேயே இல்லை என்று தோன்றும். போனை வைத்த கையோடு அவள் ஆண்டியப்பனை மாயாண்டியின் கொட்டிலுக்கு அனுப்பினாள். போன வருசம் பக்கத்து வளவுத் தங்கராசாவின் கறவை இப்படித்தான் கொட்டை இறுகி, டொக்டர் வரும் வரும் என்று பார்த்திருந்து, வயிறு ஊதிச் செத்தது. டொக்டரைக் குறை சொல்லவும் ஏலாது. ஒரு ஆள், எத்தனை ஊர்தான் பார்ப்பது? கை வைக்காதே என்று எல்லா டொக்டர்மாரும்தான் சொல்வார்கள், படித்தவர்களுக்கு மற்றவர் கை பட்டால் பிடிக்காது என்று கமலாட்சி நினைத்தாள். நினைத்ததோடு அதை மறந்தும் போனாள்.

மாயாண்டி வந்தான். அன்றைக்கு நல்லகாலமாகக் குடித்திருக்கவில்லை. மத்தியானம் பிரதாபனின் மீன் லொறியில் முல்லைத்தீவுக்குப் போவதாக இருந்ததால் சாரத்தைத் தோய்த்துக் கட்டித் துப்புரவாக நின்றான். சிவலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "டொக்டர் அம்மாவுக்குச் சொன்னீங்களோ அக்கா?" என்று கேட்டான்.

"சொன்னனான். அவா வரப் பின்னேரமாகுமாம்."

அதில் பொய் ஒன்றுமில்லை. சுதாஜினி சொன்னதில் ஒன்றை மட்டும் கமலாட்சி விட்டுவிட்டாள்.

சிவலையை வேம்போடு இறுக்கிக் கட்டினார்கள். ஆண்டியப்பன் கொம்பைப் பிடித்தார், கமலாட்சி நாக்கைப் பிடித்தாள். மாயாண்டி கையை விட்டான். முகத்தை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடி, உள்ளே தடவிக்கொண்டே நின்றான். வெறுங்கையோடு எடுத்தான். திரும்பவும் விட்டான். "கிடக்கு அக்கா, இன்னும் கொஞ்சம் கீழ கிடக்கு" என்றான். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்குத்தான் நம்ப மனம் வரவில்லை. மறுபடி விட்டபோது கடைவாயிலிருந்த கட்டை நழுவியது. சிவலை வாயை மூடியது. மாயாண்டி ஐயோ என்று கையை உருவியெடுத்தான். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"பாத்தீங்களே, கொட்டை எடுக்க வந்த நன்றிக்கு என்னைக் கடிக்கிறா" என்று சொல்லிச் சிரித்தான். கமலாட்சி சாம்பலும் தண்ணீரும் கொண்டுவந்து கையைக் கழுவிவிட்டாள். தேத்தண்ணி வேண்டாம் என்றான். கொட்டை எடுக்காமல் தேத்தண்ணி குடிக்க அவனுக்கு வெட்கம். பிரதாபனின் லொறி ரோட்டில் கோர்ன் அடித்தபோது, "என்ர கைக்கு எட்டேல்லை அக்கா. டொக்டர் அம்மா எடுப்பா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

பின்னேரம் சுதாஜினி மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, கிட்டப் போகாமல் நின்று சிவலையைக் கனநேரம் பார்த்தாள். பசுவின் பின்னங்கால்கள் தள்ளாடின. ஒருமுறை அது கத்தியதும் அவள் முகம் மாறிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு பக்கவாட்டாகப் போய் மூஞ்சியைப் பார்த்தாள். மூக்குக்கு மேலே ஆறிப்போன ஒரு பழைய தழும்பு இருந்தது.

"இது என்ன?"

"முள்ளுக்கம்பி கிழிச்சது டொக்டர். பயறு புடுங்கிற நேரம் காட்டுப் பக்கம் மேஞ்சுபோட்டு இரத்தத்தோட வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூச மாறிட்டுது" என்றார் ஆண்டியப்பன்.

"முள்ளுக்கம்பி இப்பிடி ரெண்டு பக்கமும் குத்தாது ஐயா. நரியோ நாயோ கடிச்சிருக்கு. இது விசர், வெறிநாய்க்கடி வருத்தம்." கையுறையைக் கழற்றியபடி அவள் திரும்பினாள். "நரம்பு செத்து விழுங்க ஏலாமல் நிக்குது. பாக்கிறதுக்குத் தொண்டையில ஏதோ இறுகின மாதிரித்தான் இருக்கும். அதுதான் கை வைக்க வேண்டாமெண்டனான். வைக்கேல்லைத்தானே?"

ஆண்டியப்பன் கமலாட்சியைப் பார்த்தார். அவருக்கு அந்தத் தடை தெரியாது, அவள் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. கமலாட்சி வேம்பின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆர் வைச்சது?"

"மாயாண்டி. கையில பல்லும் பட்டிட்டுது."

சுதாஜினி ஏசவில்லை. ஏசியிருந்தால் கமலாட்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் செய்ய வேண்டியவற்றை மட்டும் நிதானமாகச் சொன்னாள். மாடு தப்பாது. செத்ததும் உரிக்கக் கூடாது, இறைச்சிக்குக் கேட்டு எவன் வந்தாலும் கொடுக்கக் கூடாது. ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், தலையைப் பரிசோதனைக்கு அவள் எடுப்பாள். கன்றைத் தனியே கட்டிப் பார்க்க வேண்டும். காய்ச்சிக் குடித்த பாலுக்குப் பயமில்லை. வீணி பட்ட கையை இப்போதே சவுக்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நல்லாய்க் கழுவ வேண்டும், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

"எல்லாத்தையும் விட முக்கியம் அந்த மாயாண்டி. நோய் தொடங்க முதல் ஊசி போட்டா ஒண்டும் செய்யாது. தொடங்கினாப் பிறகு கடவுளாலையும் ஏலாது. ஆளை எங்க பிடிக்கலாம்?"

அங்கேயே அவனுக்குப் போன் அடித்தாள். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவனுடைய போன் எப்போது உயிரோடு இருந்தது? முல்லைத்தீவுக் கரையில் எந்த மீன்வாடி என்று கேட்டதற்கும் கமலாட்சிக்குப் பதில் தெரியவில்லை. "பிரதாபன் நாளைக்கும் அங்கதான் மீனுக்குப் போவான் டொக்டர். அவனிட்டச் சொல்லிவிடுறன். நான் பாக்கிறன்" என்றாள். இந்த ஊரில் சேதி போவது அப்படித்தான். போகிறவனிடம் சொல்லிவிடுவது, வருகிறவனிடம் கேட்டறிவது. சாவீடும் கலியாணமும் அப்படித்தான் போய்ச் சேர்கின்றன. ஒருமுறையும் தவறியதில்லை.

அடுத்த நாள் சிவலை செத்தது. குழி வெட்டினார்கள், சுண்ணாம்பு போட்டார்கள். கமலாட்சியும் ஆண்டியப்பனும் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிரதாபனை ரோட்டில் மறித்து அவள் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டுதரம் சொல்லிவிட்டாள். அவன் போய் வந்து, "சொல்லிப்போட்டன் அக்கா. நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றான்.

"ஊசி போடுவானாமோ?"

"போடாமல்? அவனுக்கு உயிரில ஆசையில்லையே?"

பரிசோதனை முடிவு விசர்தான் என்று வந்தபோது சுதாஜினி மறுபடி போன் எடுத்து மாயாண்டியைப் பற்றிக் கேட்டாள். "அவன் போட்டிட்டானாம் டொக்டர்" என்றாள் கமலாட்சி. போடுவான் என்பது எந்த இடத்தில் போட்டுவிட்டான் என்று ஆனது என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள். சொல்லும்போது அவளுக்கு அது பொய்யாகவே படவில்லை. மனது அப்படி ஆசைப்பட்டது, வாய் அதைச் சொல்லிவிட்டது. சுதாஜினி "அப்ப பெரிய நிம்மதி" என்றாள். தேடல் அத்தோடு நின்றது.

புரட்டாசி நடுவில் ஒருநாள் பிரதாபன் மீன் கொண்டுவந்தான். அவன் எதையும் விளையாட்டாய்ச் சொல்கிற ஒரு பகிடிக்காரன். சூடை மீனை நிறுத்துப் போட்டபடியே, "உங்கட பேரைச் சொன்னால் மாயாண்டி இப்பவும் பனைக்குப் பின்னால ஒளிக்கிறான் அக்கா" என்று சிரித்தான்.

"ஏன் ஒளிக்கிறான்?"

"அண்டைக்குப் பகிடியா ஒரு கதை விட்டனான். உன்ர கை பட்ட மாடு செத்துப் போச்சு, அக்கா கத்தியோட உன்னைத் தேடித் திரியிறா எண்டு. ஆள் வெலவெலத்துப் போனான். அண்டையில இருந்து போனையும் போடுறானில்லை."

கமலாட்சி மீன் சட்டியைக் கீழே வைத்தாள். "ஊசிக் கதையைச் சொன்னனியோ இல்லையோ?"

பிரதாபனின் சிரிப்பு மெல்ல வற்றியது. "அதைச் சொல்ல வாயெடுத்தனான்... வலை இழுக்கக் கூப்பிட்டாங்கள். அவன் ஓடிட்டான். பிறகு..." அவனை அடிக்க வேண்டும் போல அவளுக்குக் கை துடித்தது. ஆனால் எந்த முகத்தோடு அடிப்பது? கை வைக்காதே என்ற சொல்லை முதலில் விழுங்கியவள் அவளல்லவா? சுதாஜினிக்கு உடனே போன் அடித்தாள். கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிளிநொச்சிக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். கிளிநொச்சியில் மாறி, பரந்தனில் மாறி, புதுக்குடியிருப்புக்குள்ளால் போகும்போது சுதாஜினி போனில் கிடைத்தாள். கமலாட்சி உண்மையைச் சொன்னாள். "ஆள் சுகமா இருக்கிறாரோ?" என்று மட்டும் சுதாஜினி கேட்டாள்.

"சுகமாத்தான் இருக்கிறானாம் டொக்டர். பிரதாபன் போன கிழமை பாத்தவனாம்."

"அப்ப இன்னும் பிந்தேல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நான் அங்க கதைச்சு வைக்கிறன்."

இன்னும் பிந்தவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கமலாட்சி மிச்ச வழியெல்லாம் போனாள். பிள்ளையாருக்குப் பொங்கல் நேர்ந்தாள். வழியில் தெரிந்த மாதா கோயிலுக்கும் ஒன்று நேர்ந்தாள். யாராய் இருந்தாலென்ன, கேட்டால் சரி.

பிரதாபன் சொன்ன அடையாளத்தில், கரைவலை முதலாளியான சம்மாட்டி கொன்ஸ்ரன்ரைனின் வாடியைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. அவருடைய மனைவி றோசம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாயாண்டி என்றதும், "நீங்கள்தான் அந்த மாட்டுக்கார அக்காவோ?" என்று ஒரு மாதிரிப் பார்த்தாள். "பாவம், அவனை விட்டிடுங்கோ. வேணுமெண்டு செய்தவனே? மாடு செத்ததைச் சொல்லிச் சொல்லி அழுதவன்."

"நான் மாட்டுக்கு வரேல்லை தங்கச்சி. ஆள் எங்க?"

"பின்னுக்கு இருட்டுக்குள்ள படுத்திருக்கிறான். ரெண்டு நாளா வலைக்குப் போகேல்லை. கையில ஆயிரம் ஊசி குத்துற மாதிரி இருக்காம். சொறிமீன் பட்டிருக்குமெண்டு இவர் சொன்னார். இப்ப கடல்ல சொறி கூட. வெந்நீர் ஒத்தணம் குடுத்தனான், கேக்கேல்லை."

"எந்தக் கையில?"

றோசம்மா தன் முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். கமலாட்சி அதற்கு மேல் கேட்கவில்லை. சொறிதான், சொறியாய்த்தான் இருக்கும், கடலில் நிற்கிறவனுக்குச் சொறி படாமல் வேறென்ன படும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாடிக்குப் பின்புறம் போனாள்.

வலைக் குவியலுக்குப் பக்கத்தில் மாயாண்டி சுருண்டு கிடந்தான். அவளைக் கண்டதும் பதறி எழுந்து, ஓட வழி பார்த்து, வழியில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. "அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை. கொட்டை இருந்தது. என்ர கைக்குத்தான் எட்டேல்லை" என்றான்.

"கொட்டை இருக்கேல்லையடா. அது விசர். உன்னில பிழையில்லை. உனக்கு ஊசி போட வேணும், அதுக்குத்தான் வந்தனான். எழும்பு."

அவன் நம்பாமல் அவளையே பார்த்தான். "அப்ப கோவம் இல்லையே?"

"இல்லை."

"கத்தி?"

அந்த நேரத்திலும் கமலாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. சேலைத் தலைப்பை உதறி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பெரிய பாரம் இறங்கினவன் போல அவன் மூச்சு விட்டான். இவ்வளவு நாளும் இந்த மனுசன் தன் கோபத்துக்குப் பயந்தா ஒளிந்திருந்தான் என்று நினைக்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

கொன்ஸ்ரன்ரைன் ஓட்டோ பிடித்துத் தந்தார். ஓட்டோ வேகம் எடுத்ததும் மாயாண்டி தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். காய்ச்சல் குளிர் என்று கமலாட்சி எண்ணினாள். அவனோ துவாய்க்குள்ளிருந்தபடி சிவலையைப் பற்றிக் கதைத்தான். கன்று எப்படி, யாருடைய பால் குடிக்கிறது, வேறு கறவை வாங்க வழியிருக்கா என்றெல்லாம் கேட்டான். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. டொக்டர் அம்மா அன்றைக்கே வேண்டாம் என்றவா, நான்தான் உனக்கு மறைச்சனான். அவ்வளவுதான், இரண்டு வரி. ஊசி போட்டு முடியட்டும், பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம், அவன் ஏசினால் ஏசட்டும் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். சுதாஜினி சொல்லி வைத்திருந்தாள். அவர் மாயாண்டியின் கையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கோப்பையில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மாயாண்டி கோப்பையை வாங்கினான். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் அவனுடைய கழுத்து நரம்புகள் புடைத்தன, தலை பின்னால் இழுபட்டது, தண்ணீர் எல்லாம் சாரத்தில் ஊற்றுண்டது. "தாகம்தான் டொக்டர். ஆனா என்னெண்டு தெரியேல்லை, ஏலாமக் கிடக்கு" என்று அசடு வழிந்தான். டொக்டர் மேசைக் காற்றாடியை அவன் பக்கம் திருப்பினார். காற்று முகத்தில் பட்ட உடனே அவன் மூச்சு அடைத்துத் திணறினான். டொக்டர் அவசரமாய் அதை நிறுத்தினார்.

கமலாட்சியை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "நீங்கள் சொந்தமோ?"

"ஓம்" என்றாள். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"நோய் தொடங்கிட்டுது அம்மா. இனி அந்த ஊசி வேலை செய்யாது. வலி, பயம் தெரியாமல் நித்திரைக்கு மருந்து குடுத்து வைச்சிருப்பம். சில நாள்தான்."

"முந்தாநாள் கொண்டு வந்திருந்தா?"

"கை குத்தத் தொடங்கினாப் பிறகு கஷ்டம்தான்."

"அதுக்கு முதல்? போன கிழமை?"

டொக்டர் திரும்பி உள்ளே போகப் பார்த்தார். அவள் விடவில்லை, அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கேட்டாள். "அப்ப வந்திருந்தா ஊசி போட்டுக்கொண்டு நடந்து வீட்ட போயிருப்பார்" என்றார். கமலாட்சி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள். சிவலையை வேம்போடு கட்டிய கயிறும், போனில் தான் சொன்ன ஓமும், போட்டிட்டானாம் என்ற சொல்லும் மாறி மாறி வந்தன. அவன் குடித்துச் செத்திருந்தால் ஊர் இரண்டு நாள் கதைத்துவிட்டு விட்டிருக்கும். கடல் கொண்டுபோயிருந்தால் விதி என்றிருக்கும். இதை எதில் போட்டு ஆற்றுவது?

உள்ளே மாயாண்டி கூப்பிடும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவனை யன்னல் மூடிய ஒரு தனி அறையில் கட்டிலில் விட்டிருந்தார்கள். அவன் சேட்டுக் கையைத் தோள் வரை மடித்துவிட்டு, அந்த நீளமான கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"எங்க அக்கா, ஊசியைக் காணேல்லை? அதுக்குத்தான் வந்ததெண்டு சொன்னீங்கள்."

தாதி மிசி ஒருத்தி தட்டோடு வந்தாள். அதில் ஒரு ஊசி இருந்தது, டொக்டர் சொன்ன நித்திரை மருந்து. மாயாண்டி அதைப் பார்த்து, "இதுதானே மிசி அந்த ஊசி?" என்று கேட்டான். மிசி கமலாட்சியைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

கமலாட்சி கட்டிலோரம் வந்து அவனுடைய தோளைத் தொட்டாள். "ஓமடா, இதுதான்" என்றாள்.

அவன் ஊசி ஏறுவதைக் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், "நோகவே இல்லை. நீங்கள் இதுக்குத் தேடினதுக்கே நான் இவ்வளவு நாளும் ஒளிச்சுத் திரிஞ்சனான்?" என்றான். தலையணையில் சாய்ந்தான். குத்து கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது என்றான். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காகக் கமலாட்சி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாடு செத்தும் நீங்கள் என்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்தீங்கள். உங்களுக்குப் பெரிய மனம் அக்கா. நீங்கள் வராட்டி நான் செத்துப் போயிருப்பன், என்ன?"

அவனுடைய கண்கள் சொருகத் தொடங்கியிருந்தன. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன் என்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றாள் கமலாட்சி.